தன்சானியா: நாடும் விலங்கும் மக்களும்

மன்னாரில் பள்ளிமுனையிலும், நெடுந்தீவிலும் நிற்கும் பெருக்கமரங்களை நம்மிற் பலர் கண்டிருப்பர். யானையின் கால்போலப் பருத்த அடியும், வேரை மேலாக்கி நட்டாற்போன்ற கிளைகளும் உடைய அம்மரம் இம்மண்ணுக்கு உரியதன்று. அராபிய வணிகர் அதனைக் கொணர்ந்து நட்டனர் என்பது வழிவழியாக வந்த செய்தி. அதன் தாயகம் ஆபிரிக்காப் பெருநிலமாகும். அப்பெருநிலத்தின் கீழைக் கரையில், அம்மரங்கள் தோப்புத் தோப்பாக நிற்கும் நாடு ஒன்றைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். தன்சானியா என்பது அந்நாட்டின் பெயர்.

சிங்கமும் யானையும் உலவும் காடு என்ற அளவிலேயே அந்நாட்டைப் பலர் அறிவர். அஃது அரை உண்மையே. பல நூற்றாண்டு காலமாகப் பிறர் வந்து பொருள் கவர்ந்து சென்ற நாடு அது. பொன் சென்றது, தந்தம் சென்றது, மனிதரே விலைப்பொருளாய்ச் சென்றனர், ஈற்றில் வீரன் ஒருவனின் தலையும் கடல் கடந்து சென்றது. அத்தகைய நாடு, நூற்றிருபதுக்கு மேற்பட்ட இனத்தவரைத் தன்னகத்தே கொண்டிருந்தும், ஒரு மக்களாய் எழுந்து நின்றது எவ்வாறு? அவ்வெழுச்சிக்கும், உலகம் புகழும் அதன் விலங்குச் செல்வத்துக்கும் விலை கொடுத்தவர் யாவர்? இவ்விரு வினாக்களையும் மனத்திற் கொண்டு அந்நாட்டை நோக்குவோம்.

நிலத்தோற்றம்

தன்சானியாவின் பரப்பு ஏறக்குறைய 945,000 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போலப் பதினான்கு மடங்கு எனலாம். 2022ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்வோர் தொகை ஆறு கோடியே பதினேழு இலட்சம். வடக்கே கென்யாவும் உகண்டாவும், மேற்கே ருவாண்டா, புருண்டி, கொங்கோ என்பனவும், தெற்கே சாம்பியா, மலாவி, மொசாம்பிக் என்பனவும் எல்லைகளாக அமைய, கிழக்கே இந்து சமுத்திரம் பரந்து கிடக்கின்றது. கடலில் உங்குயா, பெம்பா, மாபியா என்னும் தீவுகள் உள. உங்குயாவே சன்சிபார்த் தீவு எனப் பெரிதும் வழங்கப்படுவது. பெருநிலமாகிய தங்கனீக்காவும், தீவுகளாகிய சன்சிபாரும் 1964ஆம் ஆண்டில் இணைந்தபோது, இரு பெயர்களின் முதற்கூறுகளையும் கூட்டியே தன்சானியா என்னும் பெயர் ஆக்கப்பட்டது.

கரையை அடுத்துத் தென்னை வளரும் ஒடுங்கிய சமவெளி உண்டு. அதனைக் கடந்தால் நிலம் படிப்படியாக உயர்ந்து, கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட மேட்டுநிலமாகின்றது. நாட்டின் நடுப்பகுதி முழுவதும் இம்மேட்டுநிலமே. மழை குன்றிய அப்பகுதியிலேதான் பெருக்கமரம் செழிக்கின்றது. மழைக்காலத்து நீரைத் தன் அடிமரத்திலே தேக்கி வைத்துக் கோடையைக் கழிக்கும் இயல்பு அதற்கு உண்டு.

இந்நாட்டின் நில அமைப்பை விளங்கிக்கொள்வதற்குப் பிளவுப் பள்ளத்தாக்கை அறிதல் வேண்டும். கிழக்கு ஆபிரிக்காவில் புவியோடு மெல்ல மெல்ல இரு பக்கமும் விலகி வருகின்றது. விலகும்போது இடைநிலம் தாழ்கின்றது; பிளவின் ஓரங்களில் எரிமலைகள் எழுகின்றன. இப்பிளவின் இரு கிளைகளும் தன்சானியாவினூடு செல்கின்றன. மேற்குக் கிளையில் நீர் தேங்கியதால் உண்டானது தங்கனீக்கா ஏரி. அதன் மிகக்கூடிய ஆழம் ஏறக்குறைய 1,470 மீற்றர். சைபீரியாவிலுள்ள பைக்கால் ஏரியை விட்டால் உலகில் அதனினும் ஆழமான ஏரி பிறிதொன்று இல்லை. கிழக்குக் கிளையில் சோடா உப்பு நிறைந்த நேற்றன் ஏரி உண்டு. ஏனைய விலங்குகள் அணுகுதற்கரிய அவ்வேரியின் சேற்றிலேதான் கிழக்கு ஆபிரிக்காவின் சிறு பூநாரைகளுட் பெரும்பாலானவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. உப்பே அவற்றுக்கு அரணாகின்றது. இரு கிளைகளுக்கும் இடையே, ஆழம் குறைந்ததாயினும் பரப்பிற் பெரியதாய், விக்ரோறியா ஏரி கிடக்கின்றது. ஆபிரிக்காவில் அதனிற் பெரிய ஏரி இல்லை.

எரிமலைகளுள் தலையாயது கிளிமஞ்சாரோ. 5,895 மீற்றர் உயர்ந்த அம்மலை ஆபிரிக்காவின் முடி. பூமத்திய கோட்டிலிருந்து மூன்று பாகை தெற்கே நிற்பினும் அதன் உச்சியில் என்றும் பனிக்கட்டி உண்டு. அப்பனி இன்று கரைந்து வருகின்றது. 1912ஆம் ஆண்டில் அளக்கப்பட்ட பனிப்பரப்பில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கு ஒரு நூற்றாண்டு காலத்துள் மறைந்துவிட்டது. மலையின் சரிவுகளிலே சாகா என்னும் மக்கள் வாழைக்கும் கோப்பிக்கும் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சி, சிறு தோட்டங்களைப் பேணி வாழ்கின்றனர்.

விலங்கினம்

வடக்கே செரங்கெற்றி என்னும் புல்வெளி உண்டு. மாசாய் மொழியில் முடிவில்லாத வெளி என்னும் கருத்துடைய சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. தேசிய வனமாகக் காக்கப்படும் பகுதி மட்டும் 14,763 சதுர கிலோமீற்றர். அங்கு வாழும் விலங்குகளுள் தொகையால் மிக்கது நூ. அது மான் இனத்தைச் சேர்ந்ததாயினும் தலையும் கொம்பும் மாட்டையும், வால் குதிரையையும் ஒத்திருக்கும். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூக்கள், இலட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் சிறுமான்களும் உடன்வர, ஆண்டுதோறும் ஒரு பெரும் வட்டமாகப் பயணஞ் செய்கின்றன.

அவை அலைவது ஏன்? தென்பகுதிச் சமவெளியின் மண் எரிமலைச் சாம்பலால் ஆனது. அங்கு முளைக்கும் குறும்புல்லிற் சுண்ணமும் எரியமும் மிகுதி. கன்றீனும் தாய்க்கும் பால் குடிக்கும் கன்றுக்கும் அச்சத்துகள் இன்றியமையாதன. ஆதலின், மழை பெய்யும் மாசி மாதத்தை அடுத்து அவ்விடத்திலேயே கன்றுகள் பிறக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை இரண்டு மூன்று வாரத்துள் பிறந்துவிடுவதால், சிங்கமும் கழுதைப்புலியும் எத்துணை தின்றாலும் மிகப் பல பிழைத்துக்கொள்கின்றன. மழை நின்று நீர்நிலைகள் வற்றியதும் கூட்டம் மேற்கும் வடக்குமாக நகர்ந்து, முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றைக் கடந்து கென்யாவின் எல்லைக்குள் புகும். ஆண்டின் இறுதியில் மழை தொடங்கவே மீண்டும் தென்னிலம் நோக்கித் திரும்பும்.

ஆயினும், இத்தொகை என்றும் இவ்வாறே இருந்ததன்று. 1890ஆம் ஆண்டை அடுத்துக் கொடிய மாட்டுநோய் ஒன்று கிழக்கு ஆபிரிக்காவைத் தாக்கிற்று. மாசாய் மக்களின் மாடுகளுள் பத்தில் ஒன்றும் எஞ்சவில்லை என்பர். மாட்டையே வாழ்வாகக் கொண்ட அம்மக்கள் பஞ்சத்தால் மடிந்தனர். நூக்களும் அந்நோய்க்கு இரையாயின. மேய்ப்பாரும் மேய்வனவும் இல்லாத வெளியிற் புதர் மண்டிற்று. உறக்கநோயைப் பரப்பும் செற்சி ஈ அப்புதரிற் பெருகிற்று. பின்வந்த ஐரோப்பியர் பல இடங்களில் ஆளில்லாத நிலத்தைக் கண்டு, ஆதிமுதல் மனித அடி படாத காடு என எண்ணினர். உண்மையில் அவற்றுட் பல, ஆளிருந்து ஒழிந்த நிலங்களே.

இதன் மறுபக்கமும் அறியத்தக்கது. 1950களிலும் 1960களிலும் மாடுகளுக்குத் தடுப்பூசி ஏற்றி அந்நோயை அடக்கினர். ஊசி ஏற்றப்பட்டது மாட்டுக்கு. பயன் பெற்றது நூவும். 1961ஆம் ஆண்டில் ஏறக்குறைய இரண்டரை இலட்சமாக இருந்த நூக்கள் 1977ஆம் ஆண்டில் பதினான்கு இலட்சம் அளவுக்குப் பெருகின. அவை புல்லை மேய்ந்தமையாற் காட்டுத்தீ குறைந்தது. தீக் குறைந்தமையால் இளமரங்கள் தழைத்தன. மேய்ப்பவன் பட்டியில் நிகழும் ஒரு செயல் காட்டின் உருவத்தையே மாற்றும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

செரங்கெற்றியை அடுத்து நுகொரொங்கோரோ என்னும் எரிமலைக் குழி உண்டு. பண்டைக்காலத்தில் மலையின் உச்சி உள்ளே இடிந்து விழுந்ததால் உண்டான இக்குழியின் சுவர் 600 மீற்றர் உயரம். அடித்தளம் 260 சதுர கிலோமீற்றர். சிங்கம், யானை, எருமை, கருங்காண்டாமிருகம் யாவும் அவ்வொரு கிண்ணத்துள் வாழ்கின்றன. மேற்கே தங்கனீக்கா ஏரிக்கரையில் கொம்பே என்னும் காடு உண்டு. 1960ஆம் ஆண்டில் ஜேன் குடால் என்னும் இளமங்கை அங்கு சென்று சிம்பன்சிக் குரங்குகளை ஆராய்ந்தார். ஒரு குரங்கு சுள்ளியின் இலையை உருவிக் கறையான் புற்றுள் நுழைத்து, அதிற் பற்றிய கறையானை உண்பதை அவர் கண்டார். கருவி செய்யும் உயிர் மனிதன் ஒருவனே என்ற கொள்கை அன்றோடு ஆட்டங் கண்டது. 2025ஆம் ஆண்டில், தமது தொண்ணூற்றோராம் வயதில் அவ்வம்மையார் மறைந்தார்.

தென்பகுதியிலுள்ள பரந்த காடுகள் யானைக்குப் பேர்பெற்றவை. ஆயினும் தந்தத்தின் ஆசை இந்நூற்றாண்டிலும் ஓயவில்லை. 2009ஆம் ஆண்டில் நாட்டில் ஏறக்குறைய 109,000 யானைகள் இருந்தன. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியவை 43,000 அளவே. ஐந்தாண்டுக் காலத்தில் பாதிக்கு மேல் அழிந்தன. காவல் கடுமையாக்கப்பட்ட பின்னரே வேட்டை தணிந்து தொகை மெல்ல ஏறலாயிற்று.

மாந்தரின் பழமை

விலங்குக்கு மட்டுமன்றி மாந்தர் குலத்துக்கும் இந்நிலம் தொட்டிலாக இருந்தது. செரங்கெற்றியின் ஓரத்தில் ஒல்டுவாய் என்னும் பள்ளம் உண்டு. 1959ஆம் ஆண்டு யூலை மாதம் மேரி லீக்கி அம்மையார் அங்கு ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார். பதினேழரை இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, மனிதனை ஒத்த உயிரொன்றின் தலை அது. அதனை அடுத்துள்ள லேற்றொலி என்னும் இடத்திலே 1978ஆம் ஆண்டில் அவ்வம்மையாரின் குழுவினர் அடிச்சுவடுகளைக் கண்டனர். முப்பத்தாறு இலட்சம் ஆண்டுகளுக்கு முன், ஈரமான எரிமலைச் சாம்பலின் மேல் இரு காலால் நிமிர்ந்து நடந்து சென்றோரின் சுவடுகள் அவை. சாம்பல் இறுகிக் கல்லானமையால் அந்நடை இன்றும் அழியாது கிடக்கின்றது.

கடற்கரை நகரங்கள்

இனி வரலாற்றுக்கு வருவோம். வாடைக்காற்று அராபியா, இந்தியா முதலிய நாடுகளின் பாய்க்கப்பல்களை ஆபிரிக்கக் கரைக்குக் கொணரும். சோளகக்காற்று அவற்றை மீட்டும் தாய்நாட்டுக்கு ஏற்றிச் செல்லும். காற்று மாறும்வரை தங்கியிருந்த வணிகர் அக்கரையிலே மணஞ் செய்து குடியும் கொண்டனர். ஆபிரிக்கப் பாந்து மக்களின் இலக்கணத்தோடு அராபியச் சொற்கள் பல கலந்து வளர்ந்த மொழியே சுவாகிலி. கரை என்னும் பொருளுடைய அராபியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. கரையாளர் மொழி என்பது அதன் கருத்து. வண்டியைக் குறிக்கும் காரி என்னும் சொல்லும், சப்பாத்தியும் இந்தியாவிலிருந்து அம்மொழிக்குச் சென்றன.

அக்கரை நகரங்களுள் தலைசிறந்து விளங்கியது கில்வா. தெற்கே சொபாலாவிலிருந்து வந்த பொன் வாணிகம் அந்நகரின் கையில் இருந்தது. முருகைக்கல்லாற் கட்டிய பெரும் பள்ளிவாசலும் அரண்மனையும் அங்கு எழுந்தன. 1331ஆம் ஆண்டில் அங்கு சென்ற இபன் பத்தூத்தா அதன் அழகைப் புகழ்ந்து எழுதியுள்ளார். சீனத்துப் பீங்கான் ஓடுகள் அதன் இடிபாடுகளிடையே கிடைத்துள்ளன. 1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் அந்நகரைச் சூறையாடினர். அதன்பின் கில்வா தன் பழைய நிலையை எய்தவில்லை.

தந்தமும் அடிமையும்

போர்த்துக்கேயரின் வலி குன்றியபின் ஓமான் நாட்டு அரசர் அக்கரையைத் தம் ஆணைக்குட் கொணர்ந்தனர். சுல்தான் சயித் 1840ஆம் ஆண்டளவில் தம் அரசிருக்கையையே சன்சிபாருக்கு மாற்றினார். அவர் காலத்தில் அத்தீவுகள் கராம்புத் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பியானோவின் கட்டைகளுக்கும் பில்லியட் பந்துகளுக்கும் தந்தம் வேண்டி நின்றன. இவ்விரு தேவையும் சேர்ந்து உள்நாட்டைச் சூறையிட்டன. பகமோயோவிலிருந்து தபோரா வழியாகத் தங்கனீக்கா ஏரிக்கரையிலுள்ள உஜிஜி வரை வணிகர் கூட்டங்கள் நடந்து சென்றன. திரும்புகையில் தந்தச் சுமைகளோடு, கழுத்தில் நுகத்தடியும் சங்கிலியும் பூண்ட அடிமைகளும் வந்தனர். வழியில் மாண்டோர் மிகப் பலர். சன்சிபார்ச் சந்தை ஆண்டுதோறும் பல்லாயிரவரைக் கண்டது.

1871ஆம் ஆண்டில் லிவிங்ஸ்ரனைத் தேடிச் சென்ற ஸ்ரான்லி அவரைச் சந்தித்தது உஜிஜியிலேதான். அடிமை வாணிகத்தின் கொடுமையை லிவிங்ஸ்ரன் எழுதியவை இங்கிலாந்தின் மனச்சான்றை உறுத்தின. பிரித்தானியரின் நெருக்குதலால் 1873ஆம் ஆண்டில் சுல்தான் பர்காஷ் அச்சந்தையை மூடினார். அச்சந்தை இருந்த இடத்தில் இன்று ஒரு பேராலயம் நிற்கின்றது. எனினும் அடிமைத்தனம் சட்டப்படி நீங்குவதற்கு 1897ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஜேர்மனியர் ஆட்சி

1884ஆம் ஆண்டில் கால் பீற்றர்ஸ் என்னும் ஜேர்மனியர் உள்நாட்டுத் தலைவர்களிடம், அவர்கள் வாசித்தறியாத தாள்களிற் குறி பெற்று, நிலத்தைத் தமதாக்கினார். மறுவருடம் ஜேர்மனிய அரசு அவற்றுக்குக் காப்பளித்தது. வரைபடத்தில் கோடு கிழித்தல் எளிது. மக்களை அடக்குதல் எளிதாக இருக்கவில்லை.

இரிங்காப் பகுதியில் வாழ்ந்த ஹெஹே மக்களின் தலைவன் மக்வாவா. 1891ஆம் ஆண்டில் தன்மேல் வந்த ஜேர்மனியப் படையை லுகாலோ என்னுமிடத்தில் அவன் முறியடித்தான். பின் அவன் கோட்டை வீழ்ந்தது. ஆயினும் காட்டில் மறைந்து போராடினான். அவன் தலைக்கு 5,000 ரூபா விலை கூறப்பட்டது. 1898ஆம் ஆண்டில், பகைவர் கைப்படாது தன்னைத் தானே சுட்டு மாண்டான். அவன் தலையை அறுத்து ஜேர்மனிக்கு அனுப்பினர். முதலாம் உலகப் போரின் முடிவில் எழுதப்பட்ட வேர்சேய் உடன்படிக்கையின் 246ஆம் உறுப்புரை, அந்தத் தலையை ஆறு மாதத்துள் பிரித்தானியரிடம் ஒப்படைக்க வேண்டும் என விதித்தது. பேரரசுகளின் எல்லைகளை மாற்றிய பத்திரத்திலே ஓர் ஆபிரிக்க வீரனின் மண்டையோட்டுக்கும் இடமிருந்தது! எனினும் ஆறு மாதம் முப்பத்தைந்து ஆண்டாயிற்று. 1954ஆம் ஆண்டிலேதான், பிறேமன் நகரத்து அரும்பொருளகத்தில் அடுக்கியிருந்த மண்டையோடுகளிலிருந்து அளவு பார்த்துத் தெரிந்தெடுத்த ஒன்று ஹெஹே மக்களிடம் மீண்டது. கலெங்காவில் அது வைக்கப்பட்டுள்ளது.

இதனிலும் பெரிது மஜி மஜி எழுச்சி. மஜி என்றால் சுவாகிலியில் நீர். ஏற்றுமதிக்குப் பருத்தி பயிரிடுமாறு ஆட்சியாளர் குடிகளை வற்புறுத்தினர்; தம் வயல் கவனிப்பாரற்றுக் கிடக்க மக்கள் பொதுவயலில் உழைத்தனர். கிஞ்சிக்கிட்டிலே என்பவர், தாம் அளிக்கும் மந்திர நீரை அணிந்தோர்மீது துவக்குச் சன்னம் நீராய் ஒழுகும் எனக் கூறினார். 1905ஆம் ஆண்டு யூலை மாதம் மட்டும்பி மலைப்பகுதி மக்கள் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்தனர். போர் தொடங்கிற்று. முன்பு ஒருவரையொருவர் அறியாத இருபதுக்கு மேற்பட்ட இனத்தவர் அந்நீரின் பெயரால் ஒன்றுசேர்ந்தனர். நீர் சன்னத்தைத் தடுக்கவில்லை. ஜேர்மனியர் ஊர்களையும் விளைவையும் எரித்தனர். 1907ஆம் ஆண்டில் எழுச்சி அடங்குமுன் மாண்டோர் தொகை எழுபத்தையாயிரம் முதல் மூன்று இலட்சம் வரை எனப் பலவாறாகக் கணிக்கப்படுகின்றது. அவருட் பெரும்பாலோர் பசியால் மாண்டவர். 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜேர்மனியின் சனாதிபதி சொங்கேயா நகருக்குச் சென்று, தூக்கிலிடப்பட்டோரின் வழித்தோன்றல்கள் முன்னிலையில் மன்னிப்பு வேண்டினார்.

தாங்காவிற் பாளையங்கோட்டைப் படை

முதலாம் உலகப் போர் இந்நாட்டையும் விட்டுவைக்கவில்லை. 1914ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில், தாங்காத் துறைமுகத்தைக் கைப்பற்றுமாறு இந்தியாவிலிருந்து ஏறக்குறைய எண்ணாயிரம் பேர் கொண்ட படை அனுப்பப்பட்டது. அதனுள் சென்னை மாகாணத்துப் பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் ஒன்று. போதிய பயிற்சியும் நல்ல துவக்குகளும் இன்றி, வாரக்கணக்கிற் கப்பலில் அடைபட்டுக் களைத்த அவ்வீரரை அறியாத காட்டிலே இறக்கிவிட்டனர். எதிரே நின்றோர் ஆயிரவர் அளவே, ஆயினும் நிலமறிந்தோர். சூட்டினாற் கலைந்த தேனீக்களும் படையை மொய்த்துக் கொட்டின. படை தோற்றுக் கப்பலேறிற்று. பழியைச் சிப்பாய்கள்மேற் சுமத்துதல் அன்று எளிதாக இருந்தது. பிற்கால ஆய்வாளர் அதனைத் தலைவர்களின் தவறு என்றே கொள்வர். அதன்பின் நான்காண்டு நீடித்த போரில், இரு பக்கத்துப் படைகளுக்கும் சுமை தூக்கிய ஆபிரிக்கர் துவக்கினால் அன்றி நோயாலும் பட்டினியாலும் பல்லாயிரவராய் மடிந்தனர்.

நிலக்கடலைத் திட்டம்

போரின் முடிவிற் பெருநிலம் பிரித்தானியரின் பொறுப்பாகித் தங்கனீக்கா எனப் பெயர் பெற்றது. அவர் ஆட்சியின் ஒரு நிகழ்ச்சியைக் கூறாது விடுதல் இயலாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பெருந்தட்டுப்பாடு. அதனை நீக்க, 1947ஆம் ஆண்டில் தங்கனீக்காவின் நடுவே கொங்வா முதலிய இடங்களில், நம்மவர் கச்சான் என வழங்கும் நிலக்கடலையைப் பேரளவிற் பயிரிடத் துணிந்தனர். போரில் மிஞ்சிய யந்திரங்கள் வந்து இறங்கின. பெருக்கமரங்கள் அவற்றுக்கு எளிதில் மசியவில்லை. புதரின் வேர்கள் கலப்பையை முறித்தன. மழை பொய்த்தது. வெயிலிற் களிமண் கல்லாக இறுகிக் கடலையைத் தோண்டி எடுக்கவும் முடியாதாயிற்று. அங்கு வாழ்ந்த கோகோ மக்களுக்கு அம்மண்ணின் இயல்பும் மழையின் பொய்யும் நன்கு தெரியும். அவர்களைக் கேட்டுத் திட்டம் வகுக்க எவரும் எண்ணவில்லை. 1951ஆம் ஆண்டில், மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பவுண்களை நட்டக்கணக்கில் எழுதித் திட்டம் கைவிடப்பட்டது.

ஆசிரியர் ஒருவர்

விடுதலைப் போராட்டத்தின் தலைவர் யூலியஸ் நியரேரே. 1922ஆம் ஆண்டில் புத்தியாமா என்னும் சிற்றூரிற் பிறந்தவர்; மக்கரேரேயிலும் எடின்பரோவிலும் கற்றவர்; தார் எஸ் சலாமுக்கு அண்மையில் பாடசாலை ஒன்றிற் படிப்பித்தவர். 1954ஆம் ஆண்டு யூலை 7ஆம் நாள் தங்கனீக்கா ஆபிரிக்கத் தேசிய ஒன்றியம் தோன்றியது. கற்பித்தலா, அரசியலா என்று தெரிவு செய்யவேண்டி வந்தபோது, 1955ஆம் ஆண்டில் அவர் வேலையைத் துறந்தார். ஆயினும் மக்கள் அவரை இறுதிவரை அழைத்தது ம்வாலிமு, அதாவது ஆசிரியர், என்றே. 1961ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள் இரத்தம் சிந்தாமல் நாடு விடுதலை பெற்றது. அன்று கிளிமஞ்சாரோவின் உச்சியில் தீப்பந்தம் ஏற்றப்பட்டது. உச்சிக்கு உகுரு, அதாவது சுதந்திரம், என்று பெயரிட்டனர்.

அவர் செய்தவற்றுள் நிலைத்து நிற்பது மொழித் திட்டமேயாகும். சுவாகிலி பெருநிலத்தில் எந்தப் பேரினத்தின் தாய்மொழியும் அன்று. வணிகர் வழியாகவும் பள்ளி வழியாகவும் எங்கும் பரவிய பொதுமொழி. ஆதலின் அதனை ஏற்பதனால் ஓர் இனம் வென்றதாகவோ மற்றோர் இனம் தோற்றதாகவோ எவரும் கருத இடமிருக்கவில்லை. பாராளுமன்றம் முதல் தொடக்கப்பள்ளி வரை அது வழங்கலாயிற்று. நியரேரே தாமே செகப்பிரியரின் யூலியஸ் சீசர், வெனிஸ் வணிகன் என்னும் நாடகங்களை அம்மொழியில் ஆக்கி, உயர்ந்த கருத்துகளையும் அது தாங்கும் எனக் காட்டினார். அண்டை நாடுகள் பலவற்றில் இனப்போர் மூண்டபோதும் தன்சானியப் பெருநிலம் அத்தீயினின்று தப்பியமைக்கு இம்மொழி ஒரு பெருங் காரணம் என்பர் அறிஞர். இதற்கும் ஒரு விலை உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட சிறு மொழிகளுக்குப் பள்ளியில் இடம் இல்லை. அவற்றுட் சில தேய்ந்து வருகின்றன. இடைநிலைப் பள்ளியிலோ ஆங்கிலமே பெரிதும் ஆள்வதால், சுவாகிலியிற் கற்று வந்த மாணவர் அங்கே திகைக்கின்றனர்.

பிற முயற்சிகள் கலந்த பயன் தந்தன. 1964ஆம் ஆண்டு சனவரி மாதம் சன்சிபாரிற் புரட்சி மூண்டு, அராபியரும் இந்தியருமாக ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். பலர் நாடு துறந்தனர். பின்னர் அத்தீவை விட்டு இளைஞராய்ச் சென்ற அப்துல்ரசாக் குர்னா என்பவரே 2021ஆம் ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். புரட்சி நிகழ்ந்த 1964ஆம் ஆண்டிலேயே, ஏப்பிரில் மாதம், தீவுகளும் பெருநிலமும் ஒன்றாயின. 1967ஆம் ஆண்டு அருஷாப் பிரகடனம் உஜமா எனும் குடும்ப உறவைப் பொருளாட்சியின் அடிப்படையாக்கிற்று. எழுத்தறிவு விரைந்து பெருகியது. மருத்துவமும் ஊர்களை எட்டிற்று. ஆனால் 1970களில் இலட்சோப இலட்சம் உழவரைப் புதிய ஊர்களுக்குப் பலவந்தமாக நகர்த்தியபோது விளைவு குன்றிற்று. மண்ணை அறிந்தவனைக் கேளாது வகுத்த திட்டம் என்ற வகையில், இதுவும் நிலக்கடலைத் திட்டத்தின் உடன்பிறப்பே. 1985ஆம் ஆண்டில் நியரேரே தாமாகவே பதவி நீங்கினார். தம் பிழைகளை மறையாது ஒப்புக்கொள்ளும் பெருமை அவரிடம் இருந்தது. 1999ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

தீராத வழக்கு

இறுதியாக மாசாய் மக்களின் நிலையைக் கூறி முடிப்போம். 1959ஆம் ஆண்டில் செரங்கெற்றியைத் தேசிய வனமாகக் காக்கும் பொருட்டு அவர்களை அங்கிருந்து அகற்றினர். மாற்றாக நுகொரொங்கோரோவில் விலங்கோடு விலங்காக மந்தை மேய்த்து வாழலாம் என உறுதி கூறப்பட்டது. 1974ஆம் ஆண்டிற் குழியின் அடித்தளத்திலிருந்து நீக்கினர். அடுத்த ஆண்டு பயிர்ச்செய்கையைத் தடுத்தனர். 2022ஆம் ஆண்டு முதல், தென்கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள ம்சொமேரா என்னும் இடத்துக்குக் குடிபெயர்க்கும் பணி நடைபெறுகின்றது. மக்களும் மாடுகளும் பெருகிவிட்டனர், செல்வோர் விரும்பியே செல்கின்றனர் என்பது அரசின் கூற்று. பாடசாலையும் மருத்துவமும் குறைத்துத் தம்மைப் போக்குகின்றனர் என்பது மாசாய்த் தலைவர்களின் முறை. நூறாண்டுகளுக்கு மேலாக விலங்கோடு வாழ்ந்த மக்களே, விலங்கைக் காக்கும் பெயரால் நிலம் இழக்கின்றனர். இவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர்த் தேர்தலின்போது எழுந்த கலவரமும், அதனை அடக்கியபோது நேர்ந்த உயிர்ச்சேதமும், அமைதிக்குப் பேர்போன அந்நாட்டுக்கும் மக்கள் குரலைக் கேட்கும் பாடம் இன்னும் முற்றவில்லை என்பதைக் காட்டின.

மாணவர்களே, ஒரு நாட்டைப் படிக்கும்போது அதன் மலையின் உயரத்தையும் ஏரியின் ஆழத்தையும் மனனம் செய்து அமைதல் போதாது. அந்நிலம் யாருடையது, அங்கு வாழ்வோரை எவர் கேட்டனர், எவர் கேளாது விட்டனர் என்றும் வினாவுதல் வேண்டும். பொதுவான மொழியொன்றை எல்லோரும் தமதாக ஏற்றமையால் தன்சானியா ஒன்றுபட்டது. கேளாது செய்த ஒவ்வொரு காரியத்திலும், பருத்தி முதல் கடலை வரை, கடலை முதல் உஜமா ஊர் வரை, அது துன்புற்றது. மீண்டும் மன்னாருக்கோ நெடுந்தீவுக்கோ செல்வோர், அப்பெருக்கமரத்தின் நிழலில் ஒரு கணம் நின்று, கடலுக்கு அப்பாலுள்ள அதன் உறவினரையும் அவர் வரலாற்றையும் நினைப்பாராக.